உறையில் இல்லாத பெயர்கள்

பீட்டில்ஸ் குழு 1967இல் வெளியிட்ட 'சார்ஜன்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தின் உறையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட முகங்கள் நெருக்கியடித்து நிற்கின்றன. நடிகர்கள், எழுத்தாளர்கள், குத்துச்சண்டை வீரர்கள், அறிஞர்கள் எல்லோரும் இருக்கிறார்கள். பரமஹம்ச யோகானந்தர், அவருடைய குரு யுக்தேஸ்வர் உட்பட இந்திய ஆன்மிகவாதிகள் நால்வரும் உண்டு. பின்னுறையில் எல்லாப் பாடல்களின் வரிகளும் முழுமையாக அச்சாகியிருக்கின்றன. அந்தக் காலத்து பாப் இசைத்தட்டுகளில் இது புதுமை.

உள்ளே இருந்த இசையிலும் அதே தாராளம்தான். ராக், பழைய லண்டன் அரங்குகளின் மியூசிக் ஹால் பாட்டு, சர்க்கஸ் கூடாரத்து இசை, 40 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா என்று ஒரே இசைத்தட்டில் பல உலகங்கள். இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டை ஜார்ஜ் ஹாரிசன் எழுதிப் பாடினார். மற்ற மூன்று பீட்டில்ஸும் அதில் இல்லை. அவர்களுடைய இடத்தில் தில்ரூபா, தபலா, தம்பூரா வாசித்தவர்கள் லண்டனில் வாழ்ந்த இந்தியர்கள். அடுத்த ஆண்டு அந்த ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது.

அந்த இந்தியர்களில் ஒருவருடைய பெயரும் உறையில் இல்லை.

இத்தனைக்கும் முந்தைய ஆண்டு, 1966இல் வந்த 'ரிவால்வர்' ஆல்பத்தின் உறையில் தபலா வாசித்த அனில் பகவத்தின் பெயர் அச்சாகியிருந்தது. ஆகவே பெயர் போடும் வழக்கம் அறியாத காலம் என்று சொல்லித் தப்ப முடியாது. 'சார்ஜன்ட் பெப்பர்ஸ்' வாத்தியக்காரர்களில் சிலர் யார் என்பது பரவலாகத் தெரியவர 2017 வரை, அதாவது ஐம்பது ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவும் ஆய்வாளர்கள் தேடிப் போனதால் நடந்தது.

பல பாணிகளைக் கலந்து உருவாகும் ஆல்பங்களைப் பற்றிப் பேசும்போது இத்தனை பாணிகள், இத்தனை நாடுகள், இத்தனை வாத்தியங்கள் என்று எண்ணிக்கையை அடுக்குவது வழக்கமாகிவிட்டது. அந்த எண்ணிக்கையை வைத்து ஆல்பத்தின் பெருமையை அளப்பது போதாது. ஒரு பாணியை ஆல்பத்துக்குள் அழைத்து வந்தவர், அந்தப் பாணியைக் காலங்காலமாகக் காத்து வந்தவர்களுக்கு என்ன இடம் கொடுத்தார்? அவர்களுடைய இலக்கணத்தைக் கற்றாரா? கூலி, உரிமை, பெயர் மூன்றையும் கொடுத்தாரா? கலவை இசையின் தரத்தையும் ஆயுளையும் இந்தக் கேள்விகளோடு சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

தூய்மையின் பெயரால் ஓர் எதிர்ப்பு

கலப்பே கூடாது என்று சொல்கிறவர்களும் உண்டு. கர்நாடக இசையின் சொந்த வரலாறு அவர்களுக்குத் துணை வராது. மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீட்சிதர், கிழக்கிந்தியக் கம்பெனியின் பேண்டு வாத்தியக்காரர்கள் வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்கு சம்ஸ்கிருத சாஹித்யம் எழுதினார். நோட்டுஸ்வரங்கள் என்று அழைக்கப்படும் அந்தப் பாடல்களை இன்றைக்கும் குழந்தைகள் பாட்டு வகுப்பில் கற்கிறார்கள். அவருடைய தம்பி பாலுஸ்வாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் அந்த வாத்தியத்தைத் தேர்ந்து பயின்றார். இன்று வயலின் இல்லாத கர்நாடகக் கச்சேரியை நினைத்துப் பார்ப்பது கடினம்.

ஆனால் வயலின் இங்கே வந்து அப்படியே இருந்துவிடவில்லை. தரையில் அமர்ந்து, வாத்தியத்தின் தலையைப் பாதத்தில் ஊன்றி, தந்திகளின் சுருதியை மாற்றி, விரலை அழுத்தி எடுக்காமல் சறுக்கி கமகம் பிடிக்கும் புதிய வாசிப்பு முறையே உருவானது. வாத்தியம் ஐரோப்பாவுடையது, வாசிப்பு இந்த மண்ணுடையது. இப்படி ஊறிப்போக நீண்ட உழைப்பு தேவைப்பட்டது.

கிதாரைச் செதுக்கியவர்

நவீன ஆல்பங்களில் இந்த உழைப்பைக் கண்கூடாகக் காட்டியது சக்தி குழு. மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவில் மின்கிதாரை இடிமுழக்கமாக வாசித்துப் புகழின் உச்சியில் இருந்த ஜான் மெக்லாக்லின், 1970களின் நடுவில் அதை ஒதுக்கிவைத்துவிட்டு மின்சாரம் இல்லாத ஒரு குழுவில் உட்கார்ந்தார். வயலினில் எல். சங்கர், தபலாவில் ஜாகிர் உசேன், கடத்தில் விக்கு விநாயக்ராம், மிருதங்கத்தில் ராம்நாட் ராகவன். 1975 ஜூலையில் நியூயார்க் மாநிலத்தின் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் பதிவுதான் அவர்களுடைய முதல் ஆல்பம்.

மெக்லாக்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் எஸ். ராமநாதனிடம் வீணை பயின்றவர். கிதாரில் கமகம் வராது என்பது அந்தப் பயிற்சியில் அவருக்குப் புரிந்தது. எனவே கிதாரையே மாற்றினார். கிதாரின் கழுத்தில் மெட்டுக்கட்டைகளுக்கு இடையில் இருக்கும் மரத்தைக் குழிவாகச் செதுக்கச் சொன்னார். வீணைத் தந்தியை இழுப்பது போல் கிதார் தந்தியை ஆழமாக அழுத்தி இழுக்க அது வழி செய்தது. ஒத்ததிர்வுக்காகக் குறுக்கே கூடுதல் தந்திகளும் கட்டப்பட்டன. தன் இசைக்கு ஏற்பக் கடத்தையும் வயலினையும் வளையச் சொல்வதற்குப் பதில், புகழ்பெற்ற கலைஞர் தன் வாத்தியத்தை வளைத்துக்கொண்டார்.

குழு அவர் பெயரால் அறிமுகமானாலும் தாளத்தின் கணக்கு சென்னையிலிருந்தும் மும்பையிலிருந்தும் வந்தது. கர்நாடகக் கச்சேரியில் உபபக்கவாத்தியமாகக் கடைசியில் வைக்கப்படும் கடம், இங்கே முன்வரிசைக்கு வந்தது. பிறகு விநாயக்ராம் டிரம் கலைஞர் மிக்கி ஹார்ட்டின் 'பிளானட் டிரம்' ஆல்பத்தில் வாசித்தார். உலக இசை ஆல்பத்துக்கென்று முதன்முதலாக வழங்கப்பட்ட கிராமி விருதை 1992இல் அந்த ஆல்பம் பெற்றது. விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ், சங்கர் மகாதேவன், வயலின் கணேஷ் ராஜகோபாலன் ஆகியோருடன் சக்தி 2023இல் வெளியிட்ட 'திஸ் மொமென்ட்' அடுத்த ஆண்டு கிராமி வென்றது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஒரு கலவை உயிரோடு இருந்ததற்குக் காரணம், அதில் வாசித்தவர்கள் ஒவ்வொருவரும் தம் பெயரோடும் தம் இலக்கணத்தோடும் அதற்குள் இருந்ததுதான்.

1986: இரண்டு ஆல்பங்கள்

1986ஆம் ஆண்டு இந்த விஷயத்தில் குறிப்பிடத்தக்கது. அந்த ஆண்டு அமெரிக்காவில் பால் சைமனின் 'கிரேஸ்லேண்ட்' வந்தது. சென்னையில் இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' வந்தது. இரண்டும் ஒன்றையொன்று அறியாதவை. எதிர்கொண்ட கேள்வி ஏறக்குறைய ஒன்று.

தென்னாப்பிரிக்க நகர்ப்புறக் குழுக்களின் அக்கார்டியன் இசை கேசட் ஒன்றைக் கேட்டு மயங்கிய சைமன், 1985 தொடக்கத்தில் ஜோகன்னஸ்பர்க் போனார். நிறவெறி அரசுக்கு எதிராக ஐக்கிய நாடுகள் சபை கலாச்சாரப் புறக்கணிப்பு அறிவித்திருந்த நேரம் அது. அவர் போனது சரியா என்ற வாதம் அன்றே எழுந்தது. விடுதலை இயக்கமான ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் ஒப்புதலைக் கேட்காமல் போனார் என்பது குற்றச்சாட்டு. 1987இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால் வாசலில் சக இசைக்கலைஞர்களே எதிர்த்து நின்றார்கள். மறுபக்கத்தில், நாடு கடந்து வாழ்ந்த மிரியம் மகேபாவும் ஹியூ மசெகேலாவும் அதே பயணத்தில் அவரோடு மேடையேறினார்கள். அந்த வாதத்தில் இரு தரப்பும் சொன்னவற்றில் உண்மை இருக்கிறது. புறக்கணிப்பை ஒரு தனிமனிதர் தன் விருப்பப்படி தளர்த்துவது ஆபத்து; கறுப்பினக் கலைஞர்களின் இசை உலகுக்குக் கேட்காமல் போவதும் இழப்பு.

ஆனால் ஒலிப்பதிவுக்கூடத்துக்குள் சைமன் நடந்துகொண்ட விதம் பதிவாகியிருக்கிறது. ஜோகன்னஸ்பர்க்கில் வாத்தியக்காரருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 15 டாலர் கிடைத்த காலத்தில், நியூயார்க் தொழிற்சங்கக் கூலியைப் போல் மும்மடங்கு, மணிக்கு ஏறத்தாழ 200 டாலர் கொடுத்தார். லெசோத்தோவின் அக்கார்டியன் கலைஞர் ஃபொரேரே மொட்லொஹெலோவா, லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழுவின் ஜோசப் ஷபலாலா ஆகியோரின் பெயர்கள் பாடலை இணைந்து எழுதியவர்கள் என்ற இடத்தில் அச்சாயின. அப்படி அச்சானால் ஒவ்வொரு முறை விற்கும்போதும் ஒலிக்கும்போதும் அவர்களுக்கும் பங்கு போகும். சுரங்கத் தொழிலாளர் விடுதிகளில் வளர்ந்த ஜூலுக் குழுப்பாடல் முறையை, வாத்தியமே இல்லாமல், ஒரு பாடல் முழுக்கக் கேட்கவைத்தது அந்த ஆல்பம். மறு ஆண்டு லேடிஸ்மித் பிளாக் மம்பாசோவின் சொந்த ஆல்பத்தை சைமன் தயாரித்தார். அது கிராமி வென்றது. குழு உலகெங்கும் பயணித்தது.

அதே ஆல்பத்தின் இன்னொரு மூலையில் கசப்பும் உண்டு. கடைசிப் பாடலில் வாசித்த லாஸ் லோபோஸ் குழுவினர், அந்தப் பாட்டின் இசை தங்களுடையது, தங்களுக்கு எழுதியவர் என்ற இடம் தரப்படவில்லை என்று பிற்பாடு வெளிப்படையாகக் குறை சொன்னார்கள். சைமன் அதை ஏற்கவில்லை. யார் சொல்வது சரி என்பதை வெளியில் இருப்பவர்கள் தீர்மானிக்க முடியாது. ஒலிப்பதிவு நாளன்றே யார் எதைக் கொண்டுவந்தார்கள் என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால் இத்தனை ஆண்டுக் கசப்பு இருந்திருக்காது.

'ஹவ் டு நேம் இட்' வேறு வகைச் சோதனை. தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்குக்கும் (Bach) காணிக்கையாக இளையராஜா அதை அமைத்தார். பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகப் பாடித் திரிந்தவர்; சென்னை வந்து தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையும், டி.வி. கோபாலகிருஷ்ணனிடம் கர்நாடக இசையும் கற்றவர். இரண்டு இலக்கணமும் கைவசம் இருந்ததால்தான் அவற்றின் மோதல் எங்கே என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மோதல் இதுதான். மேற்கத்திய ஹார்மனியில் பல சுரங்கள் ஒரே நேரத்தில் ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்படுகின்றன. ஒவ்வொரு சுரமும் தன் இடத்தில் அசையாமல் நின்றால்தான் அடுக்கு நிற்கும். கர்நாடக ராகத்திலோ பல சுரங்களுக்கு அசைவே உயிர். காந்தாரம் ஆடாமல் நின்றால் தோடி இல்லை. ராகத்தின் அடியில் கனமான சுர அடுக்குகளைக் கொண்டுவந்து வைத்தால் ஒன்று ராகம் சாகும், அல்லது ஹார்மனி பிசகும். பெரும்பாலான ஃப்யூஷன் முயற்சிகள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகின்றன.

இளையராஜா இதற்குப் பாக்கிடமே விடை தேடினார். ஃப்யூக் வடிவத்தில் ஒரு மெட்டு ஒரு குரலில் தொடங்கும், அதே மெட்டு அடுத்த குரலில், இன்னொரு இடத்தில் நுழையும், பிறகு இன்னொன்று. எல்லாக் குரல்களும் தனித்தனி மெட்டுகளாகவே ஓடும். மெட்டுக்கு முதலிடம் தரும் கர்நாடக இசைக்கு இந்த வழி இணக்கமானது. பாக்கின் மூன்றாவது வயலின் பார்ட்டிட்டாவின் முதல் பகுதியை எடுத்துக்கொண்டு, அதைச் சிதைக்காமல் ஓடவிட்டு, அதன் மேல் இன்னொரு இசைவழியைப் பின்னிய துண்டு அந்த ஆல்பத்தின் சிகரங்களில் ஒன்று. பாக் பாக்காகவே கேட்கிறார். அவரோடு பேசுகிறவரின் ஊரும் கேட்கிறது.

அதை வாசித்துக் காட்டியவர் வி.எஸ். நரசிம்மன். திரைப்பட ஆர்கெஸ்ட்ராக்களில் வயலின் வாசித்த அவரை, இந்த ஆல்பம்தான் பெயர் சொல்லி ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தியது. பின்னாளில் அவர் மெட்ராஸ் ஸ்ட்ரிங் குவார்டெட் என்ற நால்வர் குழுவைத் தொடங்கி, கர்நாடகக் கீர்த்தனைகளுக்கு ஹார்மனி அமைக்கும் பணியைத் தன் வழியில் தொடர்ந்தார். 1988இல் வந்த 'நத்திங் பட் விண்ட்' ஆல்பத்திலும் புல்லாங்குழல் வாசித்த ஹரிபிரசாத் சௌராசியாவின் பெயர் இளையராஜாவின் பெயரோடு சேர்ந்தே நின்றது.

இங்கே என்ன நடக்கிறது?

தமிழ்நாட்டில் தனி ஆல்பங்களைவிடத் திரைப்பட ஆல்பங்களே அதிகம். ஒரே படத்துக்குள் நாட்டுப்புற மெட்டு, ஜாஸ், கர்நாடக ராகம், ராப் எல்லாம் வருவது இங்கே புதிதல்ல. ஏ.ஆர். ரஹ்மான் தன் கேசட், சிடி உறைகளில் புல்லாங்குழல், கிதார் வாசித்தவர்கள் முதல் ஒலிப்பொறியாளர் வரை பெயர்களை அச்சிட்டது ஒரு தலைமுறை ரசிகர்களுக்கு வாத்தியக்காரர்களை அறிமுகம் செய்தது. கேசட் போனது, சிடி போனது, உறையும் போனது. இன்று செயலியில் பாட்டுக் கேட்கிறவர் கண்ணில் உடனே படுவது பாடகரும் இசையமைப்பாளரும்தான். உறுமி அடித்தது யார், நாகஸ்வரம் வாசித்தது யார் என்பதைத் தேடினாலும் பல பாடல்களுக்கு விடை கிடைப்பதில்லை.

இந்த இழப்பு எல்லோர் மேலும் சமமாக விழுவதில்லை. பறை, உறுமி, ஒப்பாரி, கானா ஆகியவற்றைக் காத்து வந்தவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்தவர்கள். திரையிசைக்குக் காரமும் வேகமும் தேவைப்படும்போது முதலில் கூப்பிடப்படுவது அவர்களுடைய இசை. பெயர்ப் பட்டியலில் முதலில் விடுபடுவதும் அவர்கள்தான். 2021இல் உலகெங்கும் கேட்கப்பட்ட 'என்ஜாய் எஞ்சாமி' ஆல்பம் அல்ல, தனிப்பாடல். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தன் பாட்டியின் நினைவையும் ஒப்பாரி மரபையும் அதில் கொண்டுவந்தவர் ராப் பாடகர் அறிவு. அந்தப் பாட்டின் புகழைக் கொண்டாடிய இசை இதழ் ஒன்றின் அட்டையில் அவர் இல்லாதது ஏன் அத்தனை பேரைக் கோபப்படுத்தியது என்பதைப் புரிந்துகொள்ள இந்தப் பின்னணி போதும்.

வேறு வழியும் சாத்தியம் என்பதை 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் காட்டியது. திரைப்பட இயக்குநர் பா. இரஞ்சித்தும் இசையமைப்பாளர் தென்மாவும் உருவாக்கிய அந்தக் குழுவில் கானா, ராப், ராக், பறை எல்லாம் சேர்ந்தன. கானாப் பாடகர்கள் அங்கே ஒரு பாட்டுக்கு வந்துபோகிற விருந்தாளிகளாக இல்லை. குழுவின் உறுப்பினர்களாக, முன்வரிசையில், தங்கள் சொற்களோடு நின்றார்கள்.

பெயர் போடுவதை மரியாதை சார்ந்த விஷயமாக மட்டும் பார்ப்பவர்கள் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், தம் நிகழ்த்துதல் வணிக நோக்கில் பயன்படுத்தப்படும்போது ராயல்டி பெறும் உரிமையை நிகழ்த்துகலைஞர்களுக்குத் தருகிறது. அதே சட்டம் திரைப்படத்தைப் பொறுத்தவரை ஒரு விலக்கையும் வைத்திருக்கிறது. இடையில் வந்துபோகும் சிறு பங்களிப்பைச் செய்து, தொழிலின் வழக்கப்படி பெயர்ப் பட்டியல் உட்பட எங்கும் குறிப்பிடப்படாத ஒருவர், ஒரே ஒரு உட்பிரிவின் தேவைக்குத் தவிர, நிகழ்த்துகலைஞராகவே கருதப்பட மாட்டார். பெயர் விடுபடும் வழக்கம் ஒருவருடைய உரிமைக் கோரிக்கையையே பலவீனமாக்கக்கூடும் என்பது இதன் பொருள்.

கேட்பவருக்கு இசை போதும், பெயர் எதற்கு என்ற வாதம் தமிழ் மேடை மரபுக்கே அந்நியமானது. சபா கச்சேரியின் அழைப்பிதழில் பாடகர், வயலின், மிருதங்கம், கடம் வாசிப்பவர் எல்லோருடைய பெயரும் அச்சாகிறது. தனி ஆவர்த்தனம் என்று அவர்களுக்கென்றே நேரம் ஒதுக்கப்படுகிறது. அந்த மேடையில் யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்ற கேள்வி நியாயமானது. ஏறியவர்களைப் பெயர் சொல்லி அழைக்கும் பழக்கம் மட்டும் எல்லா மேடைக்கும், எல்லா ஆல்பத்துக்கும் போக வேண்டியது.

இதற்குப் புதிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை. பாடலைச் செயலிகளுக்கு அனுப்பும்போது கூடவே போகும் தகவல் பட்டியலில் வாத்தியம் வாசித்தவரின் பெயரையும் கருவியையும் சேர்க்க வசதி ஏற்கெனவே இருக்கிறது. ஒலிப்பதிவு முடிந்த அன்றே யார், எந்த வாத்தியம், மெட்டிலோ சொல்லிலோ அவர் பங்கு என்ன என்று எழுதிக் கையெழுத்து வாங்குவதை இசையமைப்பாளர்கள் வழக்கமாக்கலாம். திரைப்பட இசைக்கு விருது தரும் அரசும் அமைப்புகளும் விண்ணப்பத்தோடு அந்தப் பட்டியலைக் கேட்கலாம். பழைய ஆல்பங்களுக்கும் காலம் கடந்துவிடவில்லை. 1980களிலும் 90களிலும் சென்னை ஒலிப்பதிவுக்கூடங்களில் வாசித்தவர்களில் பலர் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அந்த ஆல்பங்களை இன்றும் செயலிகளில் விற்றுக்கொண்டிருக்கும் நிறுவனங்கள், அவர்களிடம் கேட்டு, விடுபட்ட பெயர்களைச் சேர்க்கும் வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.